கூரைக்குள் புழுங்கிய கம்பி

தாயகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாங்கள் வாழும் நாகபுரியில் மே மாதத்து நண்பகலில் வெப்பமானி 45 டிகிரியை எட்டுவது புதுமையன்று. அம்மாதக் கடைசியில் தொடங்கும் ஒன்பது நாட்களை இவ்வூரார் 'நவதபா' என்று அஞ்சி அழைக்கின்றனர். நம்மூர் அக்கினி நட்சத்திரத்திற்கு அதனை அண்ணன் என்றே சொல்லலாம். அந்நாட்களில் ஜன்னலுக்கு ஜன்னல் கூலர் உறுமும். தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஈரத்துணி ஏறும். பகல் 12 மணிக்குமேல் தெருவில் நாய்கூட நடமாடாது. அத்தகைய கோடையொன்றில் எங்கள் கையாலேயே எங்கள் வீட்டில் ஒரு தீவிபத்துக்கு வழி செய்து வைத்தோம். அது நேராமல் தப்பியது எங்கள் அறிவினால் அன்று. எங்கள் தாயாரின் மூக்கினாலும் முன்யோசனையினாலுமே. இதனை ஒளிக்காமல் எழுதுவது, நம்மவர் வீடுகளில் இஃது இன்னொரு முறை நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே.

எங்களுக்கு இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்து வருமானம். கடன் வாங்கி நகரின் எல்லையில் பழைய வீடொன்றை வாங்கினோம். கீழே இரண்டு அறைகள். மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை. 2021-ஆம் ஆண்டு தந்தையார் காலமானபின் அம்மாவைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்து வந்தோம். கீழேயே இருக்கும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவர் இசையவில்லை. மாடியில் துளசித் தொட்டி வைக்கலாம், வடகம் காயப் போடலாம், விடியலில் வானத்தைப் பார்க்கலாம் என்று அந்த அறையையே கேட்டு வாங்கிக் கொண்டார். மொழி தெரியாத ஊரில் அவருக்கென்று வாய்த்த இடம் அஃது ஒன்றுதான்.

ஆனால் தகரத்தின் கீழ்க் கோடையைக் கழிப்பது எளிதா? வெயிலில் காய்ந்த தகரம் இரவு 10 மணி வரையில் அனலைக் கக்கும். ஆகவே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இத்வாரிக் கடைத்தெருவுக்குச் சென்று ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகைகள் வாங்கி, ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கணவனும் மனைவியுமாக ஏணி போட்டு வேலையைத் தொடங்கினோம். ஆளுக்குக் கூலி கொடுக்க மனமில்லை என்பதே உண்மை.

முதற் பலகையை ரப்பர்ப் பசையால் ஒட்டினோம். பசை பட்ட இடமெல்லாம் பாகில் விழுந்த சர்க்கரை போல் கரைந்து குழி விழுந்தது. இப்பொருள் எவ்வளவு எளிதில் இளகும் என்பதை அப்போதே நாங்கள் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை; பசையை மட்டும் மாற்றினோம். வெள்ளைப் பசையும் மரச்சட்டமும் கொண்டு இரண்டு அடுக்காகப் பலகைகளைப் பொருத்தினோம். கூரைச் சட்டத்தின் அடியில் முந்திய வீட்டுக்காரர் இழுத்து வைத்திருந்த மின்கம்பி, குழாயின்றி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்கு அழகாக இல்லை என்று எண்ணி, இரண்டு அடுக்குகளுக்கும் இடையே அதனை வைத்து மூடிவிட்டோம். மாலையில் அறை வெள்ளை வெளேரென்று விளங்கியது. அம்மா அண்ணாந்து பார்த்து, "கல்யாண மண்டபம் கணக்கா இருக்கு" என்று மகிழ்ந்தார். அறையில் அனலும் கண்கூடாகக் குறைந்தது. அவ்வாண்டு ஒரு குறையும் தோன்றவில்லை.

மறு ஆண்டு மாடியேறி இறங்குவது அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தந்தது. தாமே கஞ்சியும் காப்பியும் வைத்துக்கொள்ளட்டும் என்று 1,600 வாட் மின்தூண்டல் அடுப்பு ஒன்றை வாங்கி மாடியில் வைத்தோம். கூலர் முன்பே இருந்தது. இரண்டும் ஒரே கம்பியில்தான் ஓடின. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மா வடகம் போடத் தொடங்கினார். மாலை 5 மணிக்கு மேல் பெரிய பாத்திரத்தில் கூழ் காய்ச்சி, இரவெல்லாம் ஆறவிட்டு, விடியற்காலையில் துணியில் பிழிவது அவர் வழக்கம். கூழ் காய்ச்ச ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. அவ்வளவு நேரமும் அடுப்பும் கூலரும் சேர்ந்தே ஓடும்.

முதல் நாள் மாலை நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அம்மா கேட்டார்: "ஏய்யா, கருவாடு கருகுன மாதிரி ஒரு வாடை அடிக்கே, உங்களுக்கு வரலையா?" நாங்கள் மாடிக்குச் சென்று முகர்ந்தோம். இலேசாக ஏதோ வந்தது. பக்கத்து வீட்டில் உலர்ந்த இறாலை வறுப்பார்கள். இங்கே அதனைச் 'சுகட்' என்பார்கள். "அடுத்த வீட்டுச் சமையல் அம்மா" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டோம். மறுநாளும் அவர் அதையே சொன்னார். "தினமுமா கருவாடு வறுப்பாங்க?" என்றும் கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டோம். வயதானவர்களுக்கு ஊர் நினைவு வந்தால் ஊர் வாசனையும் வரும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம் என்பதை இப்போது எழுதவும் நாணமாயிருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு அலுவலக வேலையால் 9 மணிக்கு மேல் வீடு திரும்பினோம். உண்டு உறங்கிவிட்டோம். விடியலில் மாடிக்குச் சென்ற எங்கள் மகன் ஓடிவந்து, "ஆச்சி வெளியே படுத்திருக்காங்க" என்றான். சென்று பார்த்தோம். மொட்டை மாடித் தரையில் பாய் விரித்து, நனைத்த சேலையைப் போர்த்திக்கொண்டு அம்மா படுத்திருந்தார். அறைக் கதவருகே இருந்த மெயின் சுவிட்சு அணைக்கப்பட்டிருந்தது. "சாயங்காலம் விளக்கு சிமிட்டுச்சு. வாடையும் ஜாஸ்தியா இருந்துச்சு. சுவிட்சை அமத்திட்டேன். நீங்க அசந்து வந்தீங்க; காலையில சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன்" என்றார். இரண்டு முறை சொல்லிக் கேட்காதவர்களிடம் மூன்றாம் முறை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் உண்டு. இரயில்வே மின்பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நெல்லைக்காரர் ஆதலின் அனைவருக்கும் அவர் அண்ணாச்சிதான். அவரை அழைத்து வந்தோம். அவர் அறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "கம்பி எங்கே போகுது தம்பி?" என்று கேட்டார். நாங்கள் வெள்ளைப் பலகையைக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே சென்று வீட்டு மெயினையே நிறுத்தினார். கையிலிருந்த டெஸ்டரை, மின்சாரம் இருக்கும் வெளியிடத்தில் ஒருமுறை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்த பின்னரே எங்கள் கம்பியில் வைத்தார். "கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்டு இல்லாத கம்பியிலும் எரியாது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும் இல்லையா?" என்றார்.

பின்னர்க் கீழடுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். பாம்பு ஊர்ந்த தடம் போலத் தெர்மோகோலில் நீண்ட பள்ளம் ஒன்று தெரிந்தது. கம்பி சென்ற வழியெல்லாம் பலகை உருகிச் சுருங்கியிருந்தது. கம்பியின் மேலுறை பழுப்பேறி, வளைத்தால் அப்பளம் போல் நொறுங்கியது. அடுப்பு மாட்டியிருந்த பிளக்குக்கு நேர்மேலே, நாடா சுற்றிய பழைய இணைப்பு ஒன்று இருந்தது. அவ்விடத்தில் கைப்பிடி அளவு பலகை கருகி, உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதற்கு நேர்கீழேதான் அம்மாவின் கட்டில். எங்களுக்குப் பேச நா எழவில்லை.

"சர்க்யூட் பிரேக்கர் விழவே இல்லையே அண்ணாச்சி?" என்று கேட்டோம். "அது எப்படி விழும்? நீங்க கம்பிக்குக் கம்பளி போர்த்தினது அதுக்குத் தெரியுமா?" என்றார். அன்று அவர் தரையில் அமர்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே விளக்கியதையும், பின்னர் நாங்கள் நூல்களைப் பார்த்துத் தெளிந்ததையும் இங்கே வரிசையாகத் தருகிறோம்.

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றில் கலந்து போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு தடிப்புக் கம்பிக்கு இத்தனை ஆம்பியர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சாதாரண பி.வி.சி. உறைக் கம்பியின் உள்ளிருக்கும் செம்பு 70 டிகிரிக்கு மேல் சூடேறலாகாது. தெர்மோகோலோ, வெப்பத்தை விடாமல் பிடித்து வைப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதன் பருமனில் ஏறத்தாழ 98 விழுக்காடு அசையாது அடைபட்ட காற்றுதான். வெளி வெப்பம் உள்ளே வாராமல் தடுக்கும் அதே குணம், கம்பியின் வெப்பம் வெளியே போகாமலும் தடுக்கிறது. வெப்பத் தடுப்புக்கு நல்லவன் கெட்டவன் என்ற பாகுபாடு கிடையாது.

இதற்குக் கணக்கும் உண்டு. அரை மீட்டரோ அதற்கு மேலோ வெப்பத் தடுப்புப் பொருளால் முற்றிலும் மூடப்பட்ட கம்பிக்குத் திறந்தவெளித் திறனில் பாதியையே கொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் மின்கம்பி விதிநூல் கூறுகிறது. மேலும், 30 டிகிரிச் சூழலுக்குச் சொல்லப்பட்ட திறன், சூழல் 50 டிகிரியானால் 0.71 பங்காகக் குறைந்துவிடும். எங்கள் மாடியறையில் இருந்தது 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. விளக்குக்கும் விசிறிக்கும் என்று போடப்பட்டது. நல்ல நிலையில் அது ஏறத்தாழ 12 ஆம்பியர் தாங்கும் என்று கொள்வோம். மூடியதனால் 6 ஆயிற்று. தகரத்தின் கீழ் வெப்பம் 50 டிகிரியை எட்டும்போது 4 ஆம்பியர் சொச்சமே மிஞ்சிற்று. நாங்கள் ஓட்டியது எவ்வளவு? 1,600 வாட் அடுப்புக்கு 230 வோல்ட்டில் 7 ஆம்பியர், கூலருக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர், ஆக 8. தாங்கும் அளவுக்கு இரு மடங்கு ஓட்டம். ஆதலின் நான்கு மடங்கு வெப்பம். அதுவும் ஒரு மணி நேரம் ஓயாமல்.

எங்கள் பலகையில் இருந்த எம்.சி.பி. 16 ஆம்பியருக்கானது. அத்தகைய கருவி, குறித்த அளவின் 1.13 மடங்கு வரையில், அதாவது 18 ஆம்பியர் வரையில், ஒரு மணி நேரமானாலும் விழாதிருக்கும்படியே செய்யப்படுகிறது. அஃது ஓடும் மின்சாரத்தை அறியுமேயன்றிக் கம்பி எங்கே புழுங்குகிறது என்பதை அறியாது. கசிவைக் கண்டு நிறுத்தும் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் அப்போது இல்லை. இருந்திருந்தாலும் இவ்வகைச் சூட்டை அது கண்டுகொண்டிருக்காது. கசிவைக் காப்பது அதன் வேலை. சூட்டைக் காப்பது அதன் வேலையன்று.

இரண்டாவது கேடு பலர் அறியாதது. பி.வி.சி. உறை வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். தெர்மோகோல் அந்த உறையைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், மாதக் கணக்கில் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறித் தெர்மோகோலுக்குள் போய்விடும். பலகை இளகிக் குழியும். உறை வறண்டு வெடிக்கும். வெப்பம் மிகுந்தால் இது விரைவாக நடக்கும். எங்கள் கம்பி அப்பளமாக நொறுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அளவான மின்சாரமே ஓடினாலும், வெறும் பி.வி.சி. கம்பி தெர்மோகோலைத் தொடலாகாது.

மூன்றாவது, மறைக்கப்பட்ட இணைப்பு. இணைப்பு தளர்ந்தால் அவ்விடத்தில் தடை கூடி, மற்ற இடத்தைவிடச் சூடு மிகும். திறந்த இடத்தில் இருந்தால் கண் காணும், கை தொட்டு அறியும். பலகைக்குள் புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மின்பொருள்களில் உள்ள பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது சில வேளைகளில் மீன் அல்லது கருவாடு போன்ற நாற்றம் எழும். அம்மா சொன்னது சரியே. அந்த வாசனை நெல்லைக் கடற்கரையிலிருந்து வந்ததன்று. கட்டிலுக்கு நேர்மேலிருந்து வந்தது.

தீப்பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தெர்மோகோல் ஏறத்தாழ 100 டிகிரியில் இளகத் தொடங்கும். பற்றிக்கொண்டால் கரும்புகையுடன் எரிந்து, எரியும் துளிகளாகக் கீழே சொட்டும். பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் எழும். இரண்டும் கொடிய நச்சு. உறங்குபவர் தீயைக் காணுமுன் புகையே அவரை மயக்கிவிடும்.

கடைத்தெருவில் மாற்று வழிகளும் சொல்வார்கள். அலுமினியப் படலம் ஒட்டிய குமிழ்த்தாளைப் போடும்படி எங்களுக்கும் ஒருவர் சொன்னார். வெயிலைத் திருப்பி அனுப்புவதில் அது நல்லதுதான். ஆனால் அப்படலம் மின்சாரம் கடத்தும் உலோகம். 2009-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத் தடுப்பு இடும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தியது. அவ்வேலையில் ஈடுபட்ட இளைஞர் நால்வர் சில மாதங்களுக்குள் உயிரிழந்தனர். மூவர் மின்சாரம் தாக்கி இறந்தனர். ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காது இறந்தார். படலத்தை இறுக்குவதற்காக அடித்த உலோக முள் மின்கம்பியைத் துளைத்த நிகழ்ச்சியும் அவற்றுள் உண்டு. 2010 பிப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதனை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2014-இல் வெளிவந்தது. 

டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோமும் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. சந்துகளை அடைக்க ஏற்றது. ஆனால் சுவிட்சுப் பெட்டிக்குள்ளோ இணைப்புப் பெட்டிக்குள்ளோ அதனைப் பீய்ச்சலாகாது. அது பல மடங்கு பருத்து இறுகிவிடும். பின்னர் உள்ளே ஒரு கம்பியையும் சோதிக்கவோ மாற்றவோ இயலாது. டப்பாவில் உள்ள உந்து வாயு தீப்பற்றக்கூடியது. ஆகவே அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இயந்திரத்தால் தெளிக்கும் ஃபோம் இறுகும்போது தானே சூடாகும். ஒரே தடவையில் மிகத் தடிப்பாகத் தெளித்தால் உள்ளுக்குள் கருகித் தீப்பிடித்ததும் உண்டு. அதனைப் பழகியவர் அடுக்கடுக்காக, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் தெளிக்க வேண்டும்.

இனி, நாங்கள் செய்த திருத்தம். முதலில் தெர்மோகோல் முழுவதையும் பெயர்த்தோம். உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை அண்ணாச்சியே அழைத்து வந்து மேற்பார்வை செய்தார். விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர். அடுப்பு, கூலர் பிளக்குகளுக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர், இரண்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, தீப்பரவலைத் தாமதிக்கும் வகை. கம்பிகளைக் கூரையை விட்டே இறக்கி, கெட்டியான குழாயில் சுவரின்மேல் வெளிப்படையாக ஓடவிட்டோம். அழகு சற்றுக் குறைந்தது, அதனைப் பொருட்படுத்தவில்லை. இணைப்புப் பெட்டிகள் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில், மூடி திறக்கும்படி அமைந்தன. விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி., பிளக்குச் சுற்றுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., முன்னே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று.

அதன் பிறகே வெப்பத்தின் பக்கம் திரும்பினோம். வெயிலை வீட்டுக்குள் வரவிட்டுத் தடுப்பதைவிட வெளியிலேயே தடுப்பது மேல் என்பது அண்ணாச்சியின் முதல் வாக்கு. நம் முன்னோர் மொட்டை மாடியில் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்தது இதற்காகத்தானே? தகரத்துக்கு அது பொருந்தாது. ஆகவே மேற்புறம் வெள்ளைப் பூச்சுப் பூசினோம். இவ்வழி ஏழைகளுக்கும் எட்டக்கூடியது. 2023-ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது என்றால் இதன் பயன் விளங்கும். உட்புறத்தில் தீத்தடுப்பு வகைப் பலகைகளைப் பொருத்தி, அவற்றின் அடியில் ஜிப்சம் பலகையால் மூடினோம். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு நீர் அடங்கியிருக்கிறது. தீ பட்டால் அந்நீர் ஆவியாகிச் சிறிது நேரம் தீயைத் தாமதப்படுத்தும். அந்தச் சிறிது நேரந்தான் ஒருவர் கதவைத் திறந்து வெளியேறப் போதுமானது. பலகைகளின் உள்ளே ஒரு கம்பியும் இல்லை.

நம்மவர்களிடம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. கூரையிலோ சுவரிலோ ஃபோம் இடுமுன் கம்பி செல்லும் வழியைச் சாக்கட்டியால் வரைந்து, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மெயினை நிறுத்தாமல் ஏணியில் ஏறாதீர்கள், தனியாகவும் ஏறாதீர்கள். மூடித்தான் தீரவேண்டிய கம்பி என்றால், தக்கவரைக் கொண்டு கணக்கிட்டுத் தடித்த கம்பியாக மாற்றிய பின்னரே மூடுங்கள். கூரையில் பதித்த விளக்குகளின் தலைமேல் ஃபோமைப் போர்த்தாதீர்கள். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடமும், அரசுக் குடியிருப்பாயின் அதிகாரிகளிடமும் முன்னதாக அனுமதி பெறுங்கள். பழைய அறையில் புதிய அடுப்போ குளிர்சாதனமோ வைக்கும் நாளில், அதன் பின்னே ஓடும் கம்பியின் வயதையும் தடிப்பையும் கேளுங்கள். கருகல் வாடை வந்தால் முதலில் மெயின், பிறகுதான் ஆராய்ச்சி. மின்தீயில் தண்ணீரை வீசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் அலுவலகத்தில் பழுது பற்றி யார் வந்து சொன்னாலும், சொன்னவர் கலாசியானாலும் சரி, பயணியானாலும் சரி, புத்தகத்தில் பதிந்து, எண்ணிட்டு, மேலே அனுப்பி, பதில் வரும்வரை விடுவதில்லை. பல ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தை எழுதிய கைகள் எங்களுடையவை. எங்கள் வீட்டில் எங்கள் தாயார் இரண்டு நாட்கள் சொன்ன பழுதை மட்டும் நாங்கள் பதியவில்லை. ஊரை விட்டு நம்மோடு வந்த பெற்றோர், நமக்குத் தொல்லை தரலாகாது என்று எண்ணிப் பலவற்றைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் வாய் திறந்து ஒன்றைச் சொல்லும்போதாவது நாம் எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமா?

அம்மா மீண்டும் அந்த மாடியறையிலேயே இருக்கிறார். அறைக்குத் திரும்பிய அன்று, "கம்பியெல்லாம் இப்ப வெளியவே தெரியுதே, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆண்டுதோறும் மே மாதத்தில் வடகம் போடுகிறார். கூழ் காய்ச்சும் மாலைகளில் நாங்களும் மாடிக்குச் சென்று அவரருகே அமர்கிறோம். அடுப்பை நிறுத்திப் பிளக்கைக் கழற்றியபின் அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது இப்போது எங்கள் மகனுடைய வேலை. "சூடில்லை ஆச்சி" என்று அவன் சொன்ன பின்னரே அவர் கூழை மூடி வைக்கிறார்.